மேல்முறையீடு செய்தாலே ஆலையை மூடும் ஆணை நின்றுவிடுமா?

நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆணையை எதிர்த்து வழக்குப் போட்டால் மட்டும் போதாது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை ஆணை அமலில்தான் இருக்கும், வாரியம் சொன்னால் மின் இணைப்பையும் துண்டிக்கலாம்.

தடை கொடுப்பதற்கு முன் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும்: வழக்கில் முகாந்திரம் உண்டா, யாருக்குப் பாதிப்பு அதிகம், பிறகு ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா. கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பேன். கம்பெனியின் நஷ்டத்தைப் பணத்தில் கணக்கிடலாம். கெட்டுப்போன நிலத்தடி நீரை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையையே பாருங்கள். வாயுக்கசிவுப் புகாரையடுத்து 2013 மார்ச் 29 அன்று வாரியம் ஆலையை மூடியது. பசுமைத் தீர்ப்பாயம் மே 31 அன்றே நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்துவிட்டது. இறுதித் தீர்ப்பு வந்ததோ ஆகஸ்டில். விசாரணை முடியுமுன்பே ஆலை ஓடத் தொடங்கியது, ஊர் மக்களுக்குப் பெரிய அடி.

2018-ல் ஆலை மறுபடி மூடப்பட்ட பிறகு நிலைமை மாறியது. மூடியது சரிதான் என்று 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இடைக்காலமாகத் திறக்க ஆலையின் உரிமையாளரான வேதாந்தா கேட்டதை அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டையும் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. அந்த வழக்கு நடந்த காலம் முழுக்க தாமிர உற்பத்தி நின்றே கிடந்தது.