பழைய ட்வின் டப்: உறுமுகிறது, சுற்றவில்லை

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் பாட்டி வீட்டு கராஜில் கிடைத்த ட்வின் டப் வாஷிங் மெஷினில் (துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி) பிழியும் பக்கம் உறுமுகிறது, சுற்றவில்லை, தொட்டால் ஷாக் என்கிறீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்; 230 வோல்ட் விளையாட்டல்ல. பெரும்பாலும் எர்த் அறுந்திருக்கும், வயர் ரப்பரும் வெடித்திருக்கும். டர்பன் கடல்காற்று சும்மா விடுமா? பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். குழப்பிவிடாதீர்கள்.

அடுத்து, பிரேக் விலகும்படி அதன் கம்பியை இழுத்துப் பிடித்து டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். இறுகினால் பிரேக்கோ பேரிங்கோ துருப்பிடித்திருக்கும். லேசாகச் சுழன்றால் என் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்மேல்தான். பிளக் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கும், அதன் இரு முனைகளுக்கிடையே ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டே தொடுங்கள். 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு உண்டா என்று இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) மோட்டார் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டாதீர்கள், காயிலைப் புதிதாகச் சுற்றித் தரும் ரீவைண்டிங்காரரிடம் கொடுங்கள்.