தேங்காய் எண்ணெய் உறைகிற ஊரில் ஏர் ரைஃபிள்

பட்டறைக் கேள்வி பதில்

இந்த முறை ஏர் ரைஃபிள் பற்றியே மூன்று கடிதங்கள். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கத்துக்கு மேல் போய்விட்டது. அதில் விஷயம் இருக்கிறது, சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: சார், வணக்கம். எங்கள் அப்பா வாங்கிய பழைய ஏர் ரைஃபிள் வீட்டில் இருக்கிறது. குழலை மடக்கி குண்டு போடும் ஸ்பிரிங் வகை, 4.5 மி.மீ. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் வீட்டுக்குப் பின்னால் மண் திட்டு போட்டு, 10 மீட்டரில் அட்டை வைத்து இதில்தான் பழகுகிறாள். இரண்டு வருஷம் முன்பு பால் பவுடர் டின்னை இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது முன்பக்கத் தகடே நெளிவதோடு சரி. ஸ்பிரிங் செத்துவிட்டது என்றார்கள். கோயம்புத்தூரில் கொடுத்துப் புது ஸ்பிரிங் போட்டோம். பத்து நாள் பிரமாதம், அப்புறம் பழையபடிதான். மத்தியானம் வெயில் ஏறினால் பரவாயில்லை, காலையில் ரொம்ப மோசம். பராமரிப்பில் குறையில்லை சார். வாரா வாரம் குழல் மூட்டுக்குப் பின்னால் உள்ள துளையில் தேங்காய் எண்ணெய் விடுகிறோம். இன்னொரு ஸ்பிரிங் வாங்கட்டுமா?
– ஒரு தகப்பன், கோத்தகிரி

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, இரண்டு இடத்தில்.

முதலாவது, ‘மத்தியானம் பரவாயில்லை, காலையில் மோசம்’ என்கிறீர்கள். ஸ்பிரிங் நொந்து போயிருந்தால் அது காலை, மத்தியானம் பார்க்காது. எப்போதும் ஒரே மாதிரி நொந்துதான் இருக்கும். உங்கள் வீட்டுச் சமையலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் காலையில் எப்படி இருக்கிறது? வெள்ளையாக உறைந்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதானே ஊற்ற வருகிறது? 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். கோத்தகிரியில் வருஷத்தில் பாதி நாள் விடியற்காலை அதற்கும் எவ்வளவோ கீழே. பாட்டிலுக்குள் உறைவது ரைஃபிளுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா? ஸ்பிரிங் தள்ள, காற்றை அமுக்கிக் குண்டை விரட்டுகிற பிஸ்டனைச் சுற்றி மெழுகு மாதிரி அப்பிக்கொள்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு போவதிலேயே ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். இது போதாதென்று, சுடும்போது உள்ளே காற்று அமுங்கிக் கடுமையாகச் சூடாகும். எண்ணெயில் கொஞ்சம் எரிந்து புகையாகும், மிச்சம் கரியோடு சேர்ந்து படியும். வாரா வாரம் விட்டால் படிவு ஏறிக்கொண்டேதான் போகும்.

இரண்டாவது, ‘பத்து நாள் பிரமாதம்.’ ஸ்பிரிங் போட்டவர் ரைஃபிளைப் பிரித்திருக்கிறார். பிரித்தவர் பழைய கசடைத் துடைத்து, வாஷருக்கு நல்ல எண்ணெய் காட்டித்தான் மூடியிருப்பார். பலன் தந்தது அந்தத் துடைப்பு, பெயர் வாங்கியது ஸ்பிரிங். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் மறுபடி தேங்காய் எண்ணெய் விட்டீர்கள்.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதா? பம்ப் அடித்தால் காற்று ஏறாமல் தொளதொளவென்று போகும். அம்மா பம்பை உருவி, அந்தத் தோல் வாஷரில் ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி, விளிம்பை விரலால் விரித்துவிட்டுச் செருகுவார். உடனே கும்மென்று பிடிக்கும். உங்கள் அப்பா காலத்து ரைஃபிளில் பிஸ்டன் தலையில் இருப்பதும் பெரும்பாலும் அதே தோல் வாஷர்தான். தோல் மெத்தென்று இருந்தால் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக் காற்றைப் பிடிக்கும். காய்ந்து விறைத்தால் ஓரமாகக் காற்று ஒழுகும். ஸ்பிரிங் என்ன தள்ளினாலும் குண்டுக்குப் போய்ச் சேராது. காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் போய் முட்டும். சுடும்போது வழக்கமான சத்தம் போய் ‘டங்’ என்று இரும்பு மோதும் சத்தம் கேட்டால் அதுதான். நம் மலையில் தை மாத வறண்ட காற்றும் உறைபனியும் தோலை உறிஞ்சி எடுக்கும். குளிருக்கு அடுப்பு மூட்டுகிற அறைச் சுவரில் ரைஃபிளை மாட்டி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் காயும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் குன்னூரில் ஒரு பள்ளிக்கூட ரைஃபிளுக்கு இரண்டு தடவை ஸ்பிரிங் மாற்றிக் காசு வாங்கினேன். மூன்றாம் தடவை திரும்பி வந்தபோதுதான் வாஷரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு அப்பளம் மாதிரி விறைத்து, நகத்தால் தட்டினால் டக் டக் என்றது. இரவு முழுக்க மெல்லிய மெஷின் எண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். அன்றைக்கு அது சுட்டது போல அதற்கு முன் சுட்டதில்லை. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரிப்பதற்கு முன் வீட்டிலேயே இரண்டு விஷயம் பாருங்கள். குழலும் உடலும் சேரும் மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வைத்து, மண் திட்டைப் பார்த்து ஒரு குண்டு சுடுங்கள். கீற்று துள்ளினால் மூட்டு வாஷரில் காற்று ஒழுகுகிறது. அது சின்ன வாஷர், கொஞ்சக் காசு. மூட்டு போல்ட் தளர்ந்திருந்தாலும் அங்கே ஒழுகும், இறுக்கிப் பாருங்கள். அடுத்தது குண்டு. கடைசியாக வாங்கிய டப்பா வேறா? பாவாடை (குண்டின் விரிந்த பின்விளிம்பு) நசுங்கிய குண்டும், குழலில் பிடிப்பில்லாமல் வழுக்கிப் போகிற குண்டும் நல்ல ரைஃபிளையே சோப்ளாங்கி ஆக்கிவிடும். குழலில் ஈயம் படிந்திருந்தால் துணி கட்டிய கம்பியை உள்ளே விடும்போதே கையில் சொரசொரப்பு தெரியும்.

உடலை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங் உள்ளே அமுங்கியே இருக்கிறது. பிடிமானம் இல்லாமல் பின்னைத் தட்டினால் முகத்துக்கு வரும். தெரிந்த பட்டறையில் கொடுத்து, ‘கசடு முழுக்கத் துடைத்து, வாஷரை ஊறவைத்து, முடியாவிட்டால் மாற்றிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டச் சொல்லுங்கள். நேராக உருண்டால் அதை விட்டுவிடலாம். பிறகு தோல் வாஷருக்கு மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டு, ரைஃபிளின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி ஓர் இரவு நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் முதல் நாலு குண்டு புகையும், சத்தமும் கூடும். அதைப் பாப்பா கையில் கொடுக்காமல் நீங்களே சுட்டுத் தீருங்கள். பிரித்துப் பார்க்கையில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் வாஷர் என்றால் இந்த எண்ணெய் ஆகாது, சிலிக்கான் எண்ணெய்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் நீலகிரித் தைலத்தையும் விட்டுவிடாதீர்கள். அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு ஆவியாகப் போய்விடும்.

பாப்பாவுக்கு ஒன்று. 10 மீட்டர் அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். போட்டி ரைஃபிள்களே சுமார் 7.5 ஜூல் பலத்தில்தான் சுடுகின்றன. டின்னைத் துளைப்பது அவளுக்குத் தேவையே இல்லை, குண்டுக்குக் குண்டு பலம் மாறாமல் இருந்தால் போதும். அவள் சுட்ட பழைய அட்டைகளைத் தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். ஓட்டைகள் பக்கவாட்டில் சேர்ந்து, மேலும் கீழுமாக நீண்டுகொண்டே வந்திருந்தால், அது பாப்பாவின் கை ஆட்டமாக மட்டும் இருக்காது. இத்தனை நாள் அவளைக் கண்டித்திருந்தால் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நிற்கிறது. ஏர் கன்னின் பவரை ஏற்றித் தர முடியுமா?
– வாசகர், கட்டபெட்டு

பதில்: முடியாது, செய்யவும் மாட்டேன். ஏர் கன்னின் பலம் 20 ஜூல் அளவைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். காட்டெருமையைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தக் குண்டு அதன் தோலுக்குள் ஏறிச் சீழ் பிடிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். வலியோடு நிற்கும் காட்டெருமைக்கு எதிரில் மறுநாள் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னுடையது காற்றை அடைத்துச் சுடும் பி.சி.பி. ரைஃபிள். வத்தலக்குண்டில் மத்தியானம் 200 பார் (அழுத்த அளவு) அடைத்துக்கொண்டு மேலே வந்தேன். ராத்திரி முள் 185-ல் நிற்கிறது. ஒழுகுகிறதா?
– வாசகர், மன்னவனூர்

பதில்: ஒழுகாமலும் இது நடக்கும். அடைத்த காற்று குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். கீழே 30 டிகிரி, மேலே ராத்திரி 8 டிகிரி என்று வையுங்கள். இந்தக் கணக்கைக் கெல்வினில்தான் போட வேண்டும், இரண்டோடும் 273-ஐக் கூட்டினால் 303, 281. 200-ஐ 281-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 185. உங்கள் முள் சொல்வது அதையேதான். இனி நாலு நாள் சுடாமல் வைத்து, காலை ஒரே நேரத்தில் முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் இறங்கினால் மீட்டர் மூட்டிலும் வால்விலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்த இடத்தில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போயிருக்கிறது. காற்று இருக்கும்போது எந்த மூட்டிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. கைப்பம்பில் அடைப்பதானால் பனிமூட்டம் இறங்கியிருக்கிற நேரத்தில் அடைக்காதீர்கள், ஈரம் சிலிண்டருக்குள் போய்த் தண்ணீராகத் தங்கும். வெயில் வந்து மூட்டம் கலைந்த பிறகு அடையுங்கள்.