2007 முழுவதும் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த ஹிலாரி கிளிண்டன் 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆகாதது ஏன்?

தொடக்கக் கருத்துக்கணிப்பு, ஒருவருடைய பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையே பெரிதும் அளக்கிறது. அந்தப் பெயருக்காக எத்தனை பேர் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள் என்பதை அது அவ்வளவாக அளப்பதில்லை. முன்னாள் அதிபரின் மனைவியாகவும் நியூயார்க் செனட்டராகவும் நாடறிந்தவராக இருந்த கிளிண்டன், ஜனநாயகக் கட்சியினரிடையே எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணிப்புகளில் 2007 முழுவதும் முன்னிலை வகித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடந்த போட்டிகளில் முதலாவது நடந்த அயோவா மாநிலத்தில், அப்போது ஜனநாயகக் கட்சியினருக்கு வாக்குச்சீட்டு முறை இருக்கவில்லை. ஜனவரி மாதக் கடுங்குளிரில், மாலை நேரத்தில், ஊர்ப் பள்ளியிலோ பொது மண்டபத்திலோ கூடி, அக்கம்பக்கத்தார் பார்க்கத் தம் வேட்பாளரின் பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. 2004-இல் சுமார் 1,25,000 பேர் கலந்துகொண்ட அந்தக் கூட்டங்களுக்கு 2008 ஜனவரி 3 அன்று ஏறத்தாழ 2,39,000 பேர் வந்தனர். அவர்களில் இளைஞர்களும் முதன்முறை வந்தவர்களும் பெரும்பாலும் கட்சிக்குள் கிளிண்டனின் போட்டியாளரான பராக் ஒபாமாவின் பக்கம் நின்றனர். கிளிண்டன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். பெண் வேட்பாளருக்குப் பெண்கள் இயல்பாகவே வாக்களிப்பார்கள் என்ற எண்ணமும் அன்று பொய்த்தது: அயோவாவில் பெண்களிடையேகூட ஒபாமாவே முந்தினார்.

இதிலிருந்து பெண் வேட்பாளருக்கான ஆர்வமே போலியானது என்று முடிவுகட்டுவது பெருந்தவறு என்பேன். ஐந்தே நாள்களில், ஒபாமா வெல்வார் என்று கணிப்புகள் ஒருமுகமாகக் கூறிய நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பெண்களின் வாக்குகளால் கிளிண்டன் வென்றார்.