டார்பிடோ தீராத கப்பல்ல எதுக்குச் சண்டை?

அன்புள்ள அண்ணா,

நீங்க சொன்னீங்கன்னு பேட்டில்ஸ்டார் கலாக்டிகாங்கிற விண்வெளி சீரியல் பார்த்தேன். மூணாவது சீசன் பாதியில விட்டுட்டேன். ஸ்டார்பக், அப்போலோன்னு ரெண்டு பைலட்டுங்க, அவ புருஷன், இவன் பொண்டாட்டின்னு மெகாசீரியல் மாதிரி போகுது. சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு ஆபத்தும் அதுலேர்ந்து தப்பிக்கிறதும் போதாதா? ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல யாரும் அடிச்சுக்கவே இல்லையே? அடுத்து தி எக்ஸ்பான்ஸ் தொடங்கலாமா?

கே.

அன்புள்ள கே,

அந்த நாலு பேர் விவகாரம் எனக்கும் எரிச்சல்தான், விடுங்க. ஆனா அதை வச்சு மனுஷப் பிரச்சனையே வேணாம்னு எழுதிட்டீங்க பாருங்க, அங்கதான் கோவம் வருது. முதல் சீசன் முதல் எபிசோட் '33' பார்த்தீங்களா இல்ல ஓட்டி விட்டீங்களா? 33 நிமிஷத்துக்கு ஒருதடவை சைலான், அதான் எதிரி ரோபோ, வந்துருவான், உடனே விண்வெளில வேற இடத்துக்கு ஜம்ப் பண்ணணும், மறுபடி 33 நிமிஷம், இப்படியே அஞ்சு நாளுக்கு மேல எவனும் கண்ணை மூடல. முழிச்சிருக்கிறதுக்கான மாத்திரையைப் போட மாட்டேன்னு ஸ்டார்பக் அப்போலோகிட்ட எகிறுறா. இது உறவுச்சிக்கலா, சூழ்நிலையா, நீங்களே பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம். கடைசில ஒலிம்பிக் கேரியர்ங்கிற பயணிகள் கப்பலைச் சுடணும், சுடுறதுல ஒருத்தன் அப்போலோ, கலாக்டிகா கப்பலோட தளபதி அடாமா பெத்த மகன். அப்பா மகன் கதைக்கு இதுக்கு மேல என்னய்யா வேணும்?

நான் ரொம்ப நாளா புலம்பிட்டு இருக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. கணக்கு. கலாக்டிகால ஜனாதிபதியா வர்ற ரோஸ்லின் ஒரு ஒயிட் போர்டுல உயிரோட இருக்கிறவங்க எண்ணிக்கையை எழுதி வச்சிருப்பா, செத்தா குறையும், அந்த எபிசோட் முடியும்போது ஒரு குழந்தை பிறந்து ஒண்ணு கூடும். அடுத்த எபிசோட்லயே தண்ணி டேங்க் வெடிச்சு தண்ணிக்கும் கணக்கு வந்துரும். கணக்கு இருந்தா மனுஷன் தானா சண்டை போடுவான், எழுதுறவன் மெனக்கெட்டு மூட்டி விட வேண்டாம்.

1995-ல வந்த ஸ்டார் ட்ரெக் வாயேஜர் சீரியலை எடுத்துக்குங்க, வீட்டுல இருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துல ஒத்தைக் கப்பல், உள்ளயே ரெண்டு எதிரிக் கோஷ்டி, எவ்ளோ பெரிய வாய்ப்பு! முதல் கதை முடியறதுக்குள்ள எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம் மாட்டி விட்டுட்டாங்க. 38 டார்பிடோதான் இருக்கு, தீர்ந்தா வேற கிடைக்காதுன்னு அவங்களே சொல்லிட்டு, ஏழு சீசன்ல அதை விட எவ்வளவோ சுட்டுத் தள்ளுனாங்க, கப்பல் அடுத்த வாரம் பளபளன்னு நிக்கும். எதுவுமே தீராத இடத்துல எதுக்குச் சண்டை, அப்புறம் சண்டையை வெளியில இருந்து ஒட்டத்தான் செய்வாங்க, நீங்களும் மெகாசீரியல்னு திட்டுவீங்க. ரொனால்ட் டி. மூர் 1999-ல வாயேஜருக்கு எழுதப் போயி கொஞ்ச நாள்லயே வெளிய வந்தவர், 2003-ல கலாக்டிகாவைப் புதுசா எடுத்தார். சும்மா வந்துச்சா அந்த ஒயிட் போர்டு?

நெக்ஸ்ட் ஜெனரேஷன் கதை வேற, 24-ஆம் நூற்றாண்டு மனுஷன் அற்பச் சண்டை போட மாட்டான்னு ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கின ரோடன்பெரி போட்ட விதி, அங்க எழுதினவங்க தலையைப் பிச்சுக்கிட்டாங்க. அது இன்னொரு நாளைக்கு.

என்னவோ கேட்டிருந்தீங்களே, எக்ஸ்பான்ஸ். தாராளமா பாருங்க, நல்ல டேஸ்ட்தான் உங்களுக்கு. ஆனா கலாக்டிகால மிச்சம் வச்சிருக்கிறதை முதல்ல முடிங்க.