சருகுக்குள் ஒரு புதிய இலைப்பேன்: கேள்வியும் பதிலும்

பூஞ்சை தின்னும் இலைப்பேன்களை (த்ரிப்ஸ் என்னும் நுண்ணிய பூச்சிகளை) பற்றி டெல்டா பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பயிர்ப் பாதுகாப்பு என் துறை இல்லை. அந்தக் கேள்விகளுக்கு வழி மட்டும் காட்டுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளி, கல்லூரி மாணவி: வாழையில் தொங்கிய காய்ந்த இலையைத் தட்டியபோது, பின்புறம் குழாய் போல நீண்ட ஒரு கறுப்பு இலைப்பேன் விழுந்தது. எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதிய இனம் என்று வெளியிடலாமா சார்?

இப்போது வேண்டாம் அம்மா. குழாய் வால் இருந்தால் அது ஃப்ளியோத்ரிப்பிடே குடும்பம். உலகில் சுமார் 3,500 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. அதில் ஒரு பகுதி பூஞ்சை இழைகளை உறிஞ்சும். ஐடோலோத்ரிப்பினே என்ற துணைக்குடும்பம் பூஞ்சை வித்துகளை முழுசாக விழுங்கும். மைக்ராஸ்கோப்பில் வாய் ஊசியைப் பாருங்கள். வித்து விழுங்கிகளுக்கு அது 5 முதல் 10 மைக்ரான் அகலம் இருக்கும், மற்றவற்றுக்கு 2, 3 மைக்ரான்தான். வயிற்றில் வித்துகள் உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒரே இனத்தின் ஆண்களில் சில, முன்கால் தொடை பருத்துச் சண்டைக்காரன் போல இருக்கும். சில சின்னதாக, பெண்ணைப் போலவே இருக்கும். ஒரே கூட்டத்தில் சிறகுள்ளதும் இல்லாததும் இருக்கும். பெரிய ஆணை ஓர் இனமாகவும் சின்ன ஆணை வேறு இனமாகவும் பெயரிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்த்த கதைகள் நிறைய. சென்னை லயோலா கல்லூரியில் இருந்து உலகம் அறிந்த இலைப்பேன் அறிஞரான டி.என். அனந்தகிருஷ்ணன் இந்த உருவ வேறுபாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படிக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

ஆகவே அதே தோட்டத்துக்கு மறுபடி போங்கள். ஆண், பெண், பெரியது, சின்னது, புழு எல்லாம் சேர்ந்த ஒரு வரிசை வேண்டும். உங்கள் பூச்சி சேரும் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) இதுவரை விவரித்த எல்லா இனங்களின் மூல விவரிப்பையும், அதாவது முதன்முதலில் பெயரிட்டு வெளியிட்ட விவரிப்பையும், எடுத்து ஒப்பிடுங்கள். புதிது என்று சொல்ல உரிமை தருவது அந்த ஒப்பீடுதான். இன்னொன்று: வாழையிலிருந்து எடுத்ததால் வாழை அதன் உணவு ஆகிவிடாது. அது தின்பது சருகில் வளரும் பூஞ்சையை.

மன்னார்குடி, விவசாயி: குறுவை நாற்றங்காலில் நுனி சுருண்டு ஊசி போல நிற்கிறது. இதுவும் பூஞ்சை தின்னும் பூச்சியா?

இல்லை ஐயா. அது பெரும்பாலும் நெல் இலைப்பேன், ஸ்டென்கீட்டோத்ரிப்ஸ் பைஃபார்மிஸ். உள்ளங்கையை நனைத்து 12 இடத்தில் நாற்றைத் தடவிப் பாருங்கள். மொத்தம் 60 பூச்சி ஒட்டினால் நடவடிக்கை எடுக்கும் நேரம். அப்புறம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

தஞ்சாவூர்: தொட்டியில் வளர்க்கும் ஃபைகஸ் செடியின் இலை மடிந்து, உள்ளே கறுப்புப் பூச்சிகள். புதிய இனமோ?

இல்லை, அது ஜைனைக்கோத்ரிப்ஸ் என்ற இலைப்பேன். நன்கு அறிந்த இலை தின்னி.

பூம்புகார், பள்ளி ஆசிரியர்: பிடித்ததை எதில் போடுவது? எப்படி ஸ்லைடு செய்வது?

இரண்டு குப்பி எடுத்துப் போங்கள். ஒன்றில் 60 சதவீத ஆல்கஹால் பத்துப் பங்கு, கிளிசரின் ஒரு பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. இதில் விழுந்த பூச்சியின் காலும் உணர்கொம்பும் மெத்தென்று விரியும். மற்றதில் 95 சதவீத ஆல்கஹால். அது டிஎன்ஏவுக்கு மட்டும், ஏனென்றால் உடல் விறைத்துப்போகும், ஸ்லைடில் விரிக்க முடியாது. வெள்ளைத் தட்டை அடியில் பிடித்துச் சருகைத் தட்டி, ஈரத் தூரிகை நுனியால் எடுங்கள். ஸ்லைடுக்கு முன் நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து உள்ளுறுப்பைக் கரைப்பார்கள். ஆனால் வித்துகளும் போய்விடும். ஆகவே சிலவற்றைக் கரைக்காமலே ஏற்றுங்கள். பிறகு படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹால், கிராம்புத் தைலம், கடைசியில் ஸ்லைடில் ஒட்டும் பிசினான கனடா பால்சம். பால்சம் உலர வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

பேராவூரணி: தென்னை மட்டையில் கறுப்புப் பூச்சி. என்ன மருந்து அடிக்கலாம்?
பாபநாசம்: வைக்கோல் போரில் இலைப்பேன். மருந்து?

இருவருக்கும் ஒரே பதில். காய்ந்த மட்டையிலும் வைக்கோலிலும் இருப்பது பூஞ்சை தின்றால், அது பயிரைத் தொடுவதே இல்லை. அதற்கு மருந்து தேவையில்லை.

மயிலாடுதுறை, ஆய்வு மாணவர்: முடி எண்ணி, உணர்கொம்பு அளந்து இனம் பிரிப்பது பழைய காலம். 658 எழுத்துள்ள ஒரு டிஎன்ஏ பட்டை (இனத்தை அடையாளம் காட்டும் குறுகிய டிஎன்ஏ வரிசை) போதாதா?

போதாது தம்பி. தரவுத்தளத்தில் பொருத்தம் இல்லை என்றால், யாரும் அதன் வரிசையைப் படித்துப் பதியவில்லை என்றுதான் பொருள். பெயரே இல்லை என்று பொருள் ஆகாது. பெயரிடும்போது அடிப்படையாக வைத்த பழைய மூல மாதிரிகள் பால்சத்தில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றோடு ஒப்பிட உருவம்தான் வழி.

அதே மாணவர்: நீங்கள் ஒப்பிட்டு முடிப்பதற்குள் பூச்சி எடுத்த மூங்கில் புதரையே வெட்டிவிடுவார்கள் சார். வேகம் முக்கியம் இல்லையா?

முக்கியம்தான், இந்தக் கவலை எனக்கும் உண்டு. வாய்க்கால் ஓரப் புதர்களைச் சுத்தம் செய்யும்போது என்னென்ன போகிறது என்று நாம் பட்டியல்கூடப் போடவில்லை. ஆனால் அவசரத்தில் வைத்த தவறான பெயரைச் சரிசெய்யப் பின்னால் வருபவர்கள் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும்.

சீர்காழி வாசகி (இடையில்): இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா? டிஎன்ஏ எடுக்க உடலை அரைத்துவிடுவார்களே?

சரியான கேள்வி. அரைக்கத் தேவையில்லை. முழு உடலையும் நொதிக் கரைசலில் வைத்து டிஎன்ஏவை வெளியே எடுத்துவிட்டு, மிஞ்சும் கூட்டை ஸ்லைடில் ஏற்றலாம். அப்போது உருவமும் வரிசையும் ஒரே பூச்சியிலிருந்து வரும். பெரிய ஆணும் சின்ன ஆணும் ஒரே இனமா என்று காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. மயிலாடுதுறைத் தம்பியின் பட்டையை இந்த இடத்தில் நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பட்டை மட்டும் வைத்துப் பெயரிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நன்னிலம்: புதிய இனத்துக்குக் காவிரி பெயரை வைக்கலாமா? அம்மா பெயர்?

இரண்டும் செல்லும். லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் செல்லுபடியாக, புதிய இனம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும், ஒரு மாதிரியை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரி) என்று குறிக்க வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் அவசியம். கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற பொதுச் சேகரிப்பில் வையுங்கள். வீட்டு அலமாரி வேண்டாம்.

வேதாரண்யம்: கோடியக்கரைக் காட்டில் சருகு அள்ளலாமா?

அது வனவிலங்கு சரணாலயம். வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு பிடிகூட அள்ளக் கூடாது.

கும்பகோணம்: பனை ஓலையில் ஒரே ஒரு பூச்சி கிடைத்தது, ஆண். புதிய இனமாக எழுதலாமா?

மேலே முதல் பதிலைப் படியுங்கள். ஒன்றை வைத்து எழுதாதீர்கள். பனை அதன் உணவு என்றும் எழுதாதீர்கள். ஓலையின் பூஞ்சை படிந்த துண்டு ஒன்றைக் காகித உறையில் போட்டு, ஊர், தேதி, எடுத்தவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதி இன்றைக்கே பூச்சியோடு சேர்த்து வையுங்கள். பேனா மை ஆல்கஹாலில் அழிந்துவிடும்.