லைக் வருகிறது, தத்தெடுக்க ஆள் வரவில்லை என்றால்

முதலில் படத்தை மாற்றுங்கள், அப்புறம் பதிவின் முதல் வரியை. தற்காலிகமாக வைத்திருக்கிற நாய்க்கு வீடு தேடி எத்தனை குழுவில் போட்டும் லைக்கும் அழுகிற பொம்மையும்தான் வருகிறது, வேளச்சேரிக்கு வந்து பார்க்க ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறீர்களே, காரணம் அநேகமாக அந்த "அவசரம், பாவம், யாராவது உதவுங்கள்"தான். படிப்பவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார், தன் வீட்டில் அந்த நாயை நினைத்துப் பார்க்க மாட்டார்.

அதுவும் கருப்பு நாட்டு நாய். ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்தால் மின்னுகிற இரண்டு கண்தான் தெரியும். காலையில் பால்கனி வெளிச்சத்தில், நீங்களும் தரையில் உட்கார்ந்து, அதன் கண் உயரத்தில் ஃபோனைப் பிடித்து எடுங்கள். திரையில் முகத்தைத் தொட்டால் கேமராவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும்.

காப்பகத்துக்குத் தெரியாத விஷயமெல்லாம் தற்காலிகமாக வைத்து வளர்க்கிற உங்களுக்குத்தான் தெரியும்: காலிங்பெல் அடித்தால் குரைக்கிறதா, தனியே விட்டால் செருப்பைக் கடிக்கிறதா, லிஃப்டில் ஏறுகிறதா. அதை எழுதுங்கள். கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசிக்கு ஒரு வரி போதும்.

எழுதியதை, நாயைப் பார்த்தேயிராத ஒருவரிடம் காட்டி "இது எப்படிப்பட்ட நாய்?" என்று கேளுங்கள். "பாவம்" தவிர வேறெதுவும் வரவில்லையா, திரும்ப எழுதுங்கள்.

ஆனால் குறையை மறைக்காதீர்கள், பூனையைத் துரத்தும் என்றால் துரத்தும் என்றே போடுங்கள், இல்லாவிட்டால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். அடுக்குமாடிக்காரர் தயங்கினால், நாய் வளர்க்கச் சங்கம் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்திருப்பதைச் சொல்லலாம். வாடகை வீடு என்றால் மட்டும் ஓனரிடம் நீங்களே பேசிவிடுங்கள்.