நெல்லைப் பக்கம் வில், அம்பு விற்கும் சிறு கடைகள் ஏன் நிலைப்பதில்லை?

போட்ட பணம் சரக்கிலேயே முடங்கிப்போவதுதான் பெரிய காரணம். பாளையங்கோட்டையில் என் சித்தப்பா கடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். செருப்பைப் போல வில்லுக்கும் அளவு உண்டு: 66, 68, 70 அங்குலம். வலக்கை, இடக்கைக்குத் தனித்தனி. இழுவிசையும் ஆளுக்கு ஆள் மாறும். அதற்கேற்ற விறைப்பு அம்புக்கு இல்லாவிட்டால் ஒலிம்பிக் தூரமான 70 மீட்டரில் குறி விலகிவிடும். இத்தனையும் வாங்கி அடுக்க வேண்டும். வாங்க வருவோரோ சொற்பம்.

அவர்களிலும் பலர் கடையில் இழுத்துப் பார்த்து அளவறிந்துகொண்டு, இணையத்தில் வாங்குகிறார்கள். அம்பின் இறகு பிய்ந்தால் மட்டும் கடைக்கு வருவார்கள். சித்தப்பா பழைய பசையைச் சுரண்டி, மூன்று இறகுகளையும் பொறுமையாக ஒட்டித் தருவார். கூலி கேட்க அவருக்கு மனம் வராது. கேட்டிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.